காருக்குள் குளிர்: கையா, கருவியா?

கோடை வெயிலில் குடும்பத்தோடு காரில் செல்கிறோம். முன்னிருக்கையில் அமர்ந்தவர் குளிர் மிகுதி என்கிறார். பின்னிருக்கையில் குழந்தைக்கோ வியர்த்துக் கொட்டுகிறது. ஓட்டுபவரின் ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்க, மறு கை குளிர்சாதனத்தின் திருகைத் தேடுகிறது. கண்ணும் சாலையை விட்டு விலகுகிறது. இத்தொல்லையைப் பெரிதும் குறைக்க வல்லது தானியங்கிக் குளிர்சாதனம். அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது தகுமா?

1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் தன் கார்களில் குளிர்சாதனம் பொருத்தித் தர முன்வந்தது. அதை முற்றிலும் நிறுத்த வேண்டுமாயின், எஞ்சினை அணைத்துக் கீழிறங்கி, கம்ப்ரசரின் பெல்ட்டையே கழற்ற வேண்டும்! பின்னர் திருகுகள் ஓட்டுபவரின் கைக்கெட்டும் இடத்திற்கு வந்தன. 1964-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களிலோ, விரும்பும் வெப்பநிலையைக் குறித்துவிட்டால் மற்றதைக் கருவியே கவனித்துக்கொள்ளும் முறை அறிமுகமாயிற்று.

கைமுறைச் சாதனத்தின் திருகு, வரும் காற்று எவ்வளவு குளிராக இருக்க வேண்டும் என்பதையே மாற்றுகிறது. வெயிலை மேகம் மறைத்தாலும், பொழுது சாய்ந்தாலும் நாமேதான் மீண்டும் திருக வேண்டும். தானியங்கியிலோ உள்வெப்பத்தையும் வெளிவெப்பத்தையும், பல கார்களில் வெயிலின் கடுமையையும் அறியும் உணர்விகள் உண்டு. 24 டிகிரி எனக் குறித்தால், முதலில் விசிறியை வேகமாய்ச் சுழற்றி, அந்த அளவை நெருங்கியதும் தானே தணித்துக்கொள்ளும். விரைவில் குளிரட்டுமென்று 18-க்கு இறக்குவதால் பெரும்பயன் இல்லை.

கைமுறைக்கும் சிறப்பு உண்டு. அமைப்பு எளியது, உணர்விகள் குறைவாதலால் பழுதுக்கு இடமும் குறைவு. பாராமலே விரலால் தடவித் திருகலாம். தானியங்கியேயாயினும், அதன் பொத்தான்களெல்லாம் தொடுதிரைக்குள் மறைந்திருந்தால், ஒவ்வொரு மாற்றத்திற்கும் கண் சாலையை விட்டு அகல நேரும். ஆகவே, வாங்குமுன் அமர்ந்து இயக்கிப் பார்ப்பது நன்று.

எந்தச் சாதனமாயினும் நம் கவனத்துக்கு உரியவை மூன்று. உள்காற்றையே நெடுநேரம் சுழலவிட்டால், பலர் அமர்ந்த காரில் கரியமில வாயு மிகுந்து தூக்கக் கலக்கம் உண்டாகலாம்; அவ்வப்போது வெளிக்காற்றை அனுமதிக்க வேண்டும். மழையில் முன்கண்ணாடியின் உட்புறம் ஈரம் படர்ந்து பார்வையை மறைத்தால், குளிர்சாதனத்தை இயக்கி, காற்றைக் கண்ணாடியின்மேல் செலுத்த வேண்டும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

மூன்றாவது, உயிரைப் பற்றியது. வெயிலில் நிறுத்திய காரினுள் பத்தே நிமிடங்களில் சுமார் 10 டிகிரி வெப்பம் ஏறிவிடும். எஞ்சின் நின்றதும் குளிரூட்டலும் நின்றுபோம். “இதோ வந்துவிடுகிறேன்” என்று குழந்தையை உள்ளே விட்டுக் கடைக்குச் செல்வது ஒருபோதும் ஆகாது.

வெப்பத்தை அளக்கக் கருவி போதும். உடன் வருபவரின் முகவாட்டத்தைக் கண்டறிய நாம்தாம் வேண்டும்.