கேரட்டில் தொடங்கிய டிவி... உங்கள் வீட்டுச் சுவர் வரை வந்த கதை தெரியுமா?

கே.ஜி.கண்டிகையில் புது டிவி வாங்கக் கிளம்புகிறீர்களா? ஒரு நிமிஷம்! உங்கள் ஊருக்குத் தென்கிழக்கே ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலை. வடக்கே எல்லையைத் தாண்டினால் திருப்பதியில் டிக்சன் ஆலை. இரண்டிலும் டிவி தயாராகிறது! நாடு முழுக்கப் போகும் டிவிகளில் எத்தனையோ உங்களுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான் பிறக்கின்றன, தெரியுமா?

அந்தத் தட்டை டிவிக்கு விதை போட்டது எது தெரியுமா? கேரட்! நம்ப முடிகிறதா? 1888-ல் ரெய்னிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர், கேரட்டிலிருந்து பிரித்தெடுத்த பொருளில் தயாரித்த ஒரு சேர்மத்தை ஆராய்ந்தார். 145.5 டிகிரி செல்சியஸில் அது கலங்கலாக உருகியது. 178.5 டிகிரியில் மறுபடியும் உருகித் தெளிந்தது! ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று திகைத்துப்போனார் மனிதர். அதுதான் திரவப் படிகம். எல்சிடி டிவியின் உயிரே அதுதான்!

உங்கள் டிவிக்குள் அந்தப் படிகம் எவ்வளவு தடிமன் தெரியுமா? சில மைக்ரான்தான்! தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே அதை அடைத்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் பெட்டியைப் படுக்கவைத்து ஆட்டோவில் ஏற்றக் கூடாது. நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும்!

இந்தக் கதையில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார், தெரியுமா? சர் சி.வி.ராமனின் சகோதரி மகன் எஸ்.சந்திரசேகர்! நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறு, இவர் வேறு. அவர் ராமனின் அண்ணன் மகன்! நம் சந்திரசேகர் 1977-ல் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் தன் குழுவினரோடு தட்டு வடிவ மூலக்கூறுகள் கொண்ட புதுவகைத் திரவப் படிகத்தைக் கண்டுபிடித்தார். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் படம் மங்காமல் தெரிய எல்சிடி திரைகளில் மெல்லிய படலம் ஒட்டினார்களே, அதில் அந்தத் தட்டு மூலக்கூறுகள் பயன்பட்டன!

4கே டிவியில் எத்தனை புள்ளிகள் தெரியுமா? 82,94,400! ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துண்டுகள். மொத்தம் 2,48,83,200! அத்தனையும் ஒரு நொடியில் குறைந்தது 50 முறை புதுப்பிக்கப்படுகின்றன!

'எல்இடி டிவி' என்று விற்பதில் பெரும்பாலானவை எல்சிடிதான், தெரியுமா? பின்னாலிருந்து வெளிச்சம் தருவதுதான் எல்இடி! சிவப்பு எல்இடி 1962-லேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலம் வர இன்னும் 30 ஆண்டு ஆனது! அதைச் சாதித்த மூவருக்கு 2014-ல் நோபல் பரிசு!

தமிழ்நாட்டில் முதன்முதலில் டிவியைக் காட்டியது யார்? ஒரு மாணவர்! 1950 ஜனவரியில் சென்னை தேனாம்பேட்டையில் நடந்த கண்காட்சியில், மின்பொறியியல் மாணவர் பி.சிவகுமாரன் ஒரு கடிதத்தைத் திரையில் தெரியவைத்தார்! இந்தியாவின் முதல் ஒளிபரப்பு டெல்லியில் தொடங்கியதோ 1959 செப்டம்பர் 15-ல். சென்னைக்கு தூர்தர்ஷன் வந்தது 1975-ல்!

அந்த செப்டம்பர் 15-ஐ மறந்துவிடாதீர்கள்! 2006-ல் அதே தேதியில்தான், அண்ணா பிறந்தநாளன்று, கலைஞர் ஆட்சியில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குல டிவி! இன்றைய 55 அங்குலத் திரையின் பரப்பு அதைப்போல் எத்தனை மடங்கு தெரியுமா? 13 மடங்குக்கும் மேல்!

அங்குலம் என்பது அகலம் இல்லை, மூலைவிட்டம்! 43-ஐ விட 55 கொஞ்சம்தான் பெரிது என்று நினைக்கிறீர்களா? பரப்பில் சுமார் 64 சதவீதம் அதிகம்! அதனால் முதலில் உங்கள் கூடத்தை அளந்து பாருங்கள். 43 அங்குலத்துக்கு 6 அடி தூரம், 55-க்கு 7 அடிக்குச் சற்று மேல் இருந்தால் போதும். பெரிய திரைக்கு வரியும் குறைந்திருக்கிறது. 32 அங்குலத்துக்கு மேல் 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான்!

கடையில் பளபளத்த படம் வீட்டில் கண்ணை உறுத்துகிறதா? கடையில் ஓடுவது 'டெமோ' அமைப்பு! வீட்டில் 'ஹோம்' அல்லது 'சினிமா'வுக்கு மாற்றுங்கள். சினிமா பார்த்தால் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகிறதா? 'மோஷன்' என்று வருவதை அணையுங்கள். இதைச் சொல்வதற்கென்றே டாம் குரூஸ் 2018-ல் படப்பிடிப்பு நடுவே ஒரு வீடியோ வெளியிட்டார், தெரியுமா?

இப்போது சுவருக்கு வருவோம். டிவியின் முதுகில் நான்கு துளைகள் இருக்கின்றனவே, அவற்றின் இடைவெளிக்கு 'வெசா' என்ற உலகப் பொது அளவு உண்டு! 100-க்கு 100, 200-க்கு 200, 400-க்கு 400 மில்லிமீட்டர்... உங்கள் டிவிக்கும் ஸ்டாண்டுக்கும் அந்த எண் ஒத்துப்போனால், எந்த கம்பெனி ஸ்டாண்டும் பொருந்தும்!

சுவரில் செருகும் ரால் பிளக் எதற்காக வந்தது தெரியுமா? லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக! சுவர் சேதமாகாமல் மின்சாதனம் பொருத்த ஜான் ராலிங்ஸ் என்பவர் 1911 வாக்கில் இதை உருவாக்கினார். முதலில் செய்தது பிளாஸ்டிக்கில் இல்லை. சணல் நாரை விலங்கு ரத்தத்தால் ஒட்டிச் செய்தார்கள்!

டிவியை எவ்வளவு உயரத்தில் மாட்ட வேண்டும்? பரணுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, கழுத்து வலி என்று புலம்பும் வீடுகள் எத்தனை! சோபாவில் உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரம் சுமார் 42 அங்குலம். திரையின் நடுப்பகுதி அங்கே வர வேண்டும். அப்படியானால் 55 அங்குல டிவியின் அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடிகூட இருக்காது! பாயில் உட்கார்ந்து பார்க்கும் குடும்பமா? இன்னும் கீழே இறக்குங்கள்!

கடைசியாக ஒன்று. டிரில்லிங் மெஷினைக் கையில் எடுக்கும் முன் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் பாருங்கள். வயர் பைப் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும்! எலக்ட்ரீஷியனைக் கேட்டு, ரசமட்டம் வைத்துக் குறித்து, மெயினை அணைத்த பிறகே குறியிட்ட இடத்தில் கை வையுங்கள். மெஷினுக்குக் கரண்ட் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டிலிருந்து இழுத்துக்கொள்ளுங்கள்!