இலத்திரன் ஏன் திரும்பி ஓடியது?

கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் பால் டிராக்கிடம் ஆய்வு செய்தவர் சி. ஜே. எலியேசர். பின்னாளில் கொழும்பிலேயே கணிதப் பேராசிரியராக இருந்தார். ஆர்முடுகும் இலத்திரன் சக்தியைக் கதிர்க்கும்போது, அந்தக் கதிர்ப்பு இலத்திரனையே எப்படித் தாக்கும் என்பதற்கு 1938இல் டிராக் ஒரு சமன்பாடு தந்திருந்தார். எலியேசர் 1943இல் அதை மிக எளிய நிலைமைக்குப் பிரயோகித்தார்: ஒரு புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் விழும் இலத்திரன். எதிரெதிர் மின்னேற்றங்கள், போய் மோதும் என்றுதான் எவரும் நினைப்பர். கணக்கோ வேறு சொன்னது. இலத்திரன் புரோத்தனைத் தொடவே மாட்டாது. வழியில் நின்று, திரும்பி, மேலும் மேலும் வேகமெடுத்து, ஒளியின் வேகத்தை அண்மித்து ஓடிவிடும். இயற்கையில் அப்படி நடப்பதில்லை. ஆகவே சமன்பாடு எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதை அந்த முடிவு துல்லியமாகக் காட்டியது.

அணுவைத்தான் குவாண்டம் கொள்கை விளக்கிவிட்டதே, பழைய கணக்கு எதற்கு என்று கேட்கலாம். ஐதரசன் அணுவைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்விதான். ஆனால் தன் புலமே தன்னைத் தாக்கும் சிக்கல் அணுவோடு முடியவில்லை. பெரும் கருந்துளையைச் சுற்றி நெருங்கிவரும் சிறு கருந்துளையின் பாதையைக் கணிக்கும்போது, ஈர்ப்பிலும் அதே சிக்கல் எதிர்ப்படுகிறது. செறிந்த லேசர் கற்றையோடு இலத்திரன்களை மோதவிட்டு, 2018இல் வெளியான பிரித்தானியப் பரிசோதனைகள் தேடியதும் இந்தப் பின்தாக்கத்தைத்தான். டிராக்கின் சமன்பாட்டுக்கு மாற்றாக எலியேசர் முன்வைத்த வடிவம், போர்ட், ஓகானல் என்னும் பௌதிகவியலாளர்களின் பெயர்களோடு சேர்ந்து இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.