யார் நல்ல ரைடர்? ஒரு கபடிக் கணக்கு

கபடி பார்க்கிறவங்ககிட்ட "இந்த டீம்ல யாருப்பா பெரிய ஆளு?" என்று கேட்டால் உடனே வருவது ஒரு எண்தான். "அவன் இன்னைக்கு 10 பாயிண்ட் எடுத்தான்ல." எங்கள் மார்க்கையன்கோட்டைப் பக்கம், சின்னமனூர், உத்தமபாளையம் வட்டாரத்தில் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நடக்கிற ஆட்டங்களிலும் இதே பேச்சுதான். ஒரு பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டோ, போலீஸ் வேலையோ கிடைப்பதில் இந்த எண்ணுக்கும் பங்கு உண்டு. அதனால் அது எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று உட்கார்ந்து யோசித்தேன்.

கணக்குக்காக ஒரே டீமில் இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். மூத்தவன் 20 தடவை பாடிப் போகிறான், 10 புள்ளி எடுக்கிறான், 8 தடவை பிடிபடுகிறான். இளையவன் 14 தடவை போகிறான், 7 புள்ளி, 2 தடவைதான் பிடிபடுகிறான். நோட்டில் 10, 7 என்று இருக்கும். ஆனால் பிடிபட்ட ஒவ்வொரு தடவையும் எதிரணிக்கு ஒரு புள்ளி போகிறது. கழித்துப் பார்த்தால் மூத்தவன் டீமுக்குக் கொடுத்தது 2, இளையவன் கொடுத்தது 5. அதோடு முடியவில்லை. பிடிபடும்போது வெளியே உட்கார்ந்திருக்கும் எதிரணி ஆள் ஒருத்தர் உள்ளே வந்துவிடுவார். நம்ம ரைடர், கூட ஆடுகிறவர் யாராவது ஒரு ஆளை அவுட் ஆக்கும்வரை வெளியேதான்.

அப்போ இளையவன்தான் நல்ல ரைடரா? அங்கேயும் கொஞ்சம் நிதானிக்கணும். இரண்டு ரைடு தொடர்ந்து காலியாகப் போனால் மூன்றாவது 'டூ ஆர் டை'. அதில் புள்ளி எடுக்காமல் திரும்பினாலும் அவுட். அந்த ரைடுக்கெல்லாம் மூத்தவனையே அனுப்புகிற டீம் என்றால், அவன் பிடிபட்டதில் பாதி இளையவனுக்காகப் பிடிபட்டது. இளையவனின் சுத்தமான கணக்கை மூத்தவன்தான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறான். ஸ்கோர் எழுதுகிற நோட்டில் இதற்கு இடமே கிடையாது.

அடுத்தது, புள்ளி எல்லாம் ஒரே எடை இல்லை. நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டரில் போனஸ் கோடு. எதிரே 6 பேரோ 7 பேரோ நிற்கும்போது மட்டும்தான் ஒரு காலை அதைத் தாண்டி வைத்து, இன்னொரு காலைத் தூக்கி போனஸ் எடுக்க முடியும். அதனால் யாரும் அவுட் ஆவதில்லை, நம்ம ஆளும் உள்ளே வருவதில்லை. தொட்டு எடுக்கிற புள்ளியோ எதிரணியில் ஒருத்தரைக் குறைத்து நம்மில் ஒருத்தரைக் கூட்டுகிறது. ஆக போனஸ் ஸ்பெஷலிஸ்ட் எதிரணி முழுசாக இருக்கும்போது தங்கம். எதிரே 3 பேர் மட்டும் நிற்கும்போது அவருக்கு வேலையே இல்லை. போதாததற்கு, அப்போது பிடிபட்டால் 'சூப்பர் டேக்கிள்', எதிரணிக்கு 2 புள்ளி.

கைகோத்து நிற்கிற சங்கிலிக்கு அடியில் குனிந்து நழுவுகிற டுப்கிக்குப் பேர்போனவர் பர்தீப் நர்வால். 2017 புரோ கபடியில் ஹரியானா அணிக்கு எதிராக ஒரே ரைடில் 8 புள்ளி எடுத்தார். ஆல் அவுட்டுக்கான 2 புள்ளியும் அதில் சேர்த்தி. உயரமான அஜய் தாக்கூரிடம் இருந்தது வேறு சரக்கு: நீண்ட கை, தவளைத் தாவல். 2016 உலகக் கோப்பை இறுதியில் ஈரானை 38-29 என்று இந்தியா வென்றபோது அதில் 12 புள்ளி அவருடையது. இவர்களில் யார் பெரியவர் என்று சண்டை போடுவது டீக்கடைக்கு நல்லது. டீம் அமைக்க உதவாது.

நம்ம தமிழ் தலைவாஸையே பாருங்கள். 2019-ல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி என்று இரண்டு பெரிய பெயர்கள். அணி கடைசி இடம். 2022-ல் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி, சீசனே போச்சு. அந்த இடத்தில் புதுப் பையன் நரேந்தர் 243 ரைடு புள்ளி எடுத்தார், கூட அஜிங்க்ய பவார் நின்றார். அணி முதல் தடவையாக அரையிறுதி வரை போனது. பெயரைவிட, ஒருத்தர் வெளியே உட்காரும்போது அடுத்தவர் தாங்குகிறாரா என்பதுதான் பெரிசு என்று இதை வைத்துச் சொல்வேன்.

அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிற 'ரன்னிங் பேக்' பற்றியும் இதே விவாதம் உண்டு. 2000-ல் நியூயார்க் ஜயண்ட்ஸில் முட்டித் தள்ளுகிற ரான் டேய்னும் விலகி ஓடுகிற டிக்கி பார்பரும் ஒரே டீம். 'இடியும் மின்னலும்' என்றே கூப்பிட்டார்கள். சூப்பர் பவுல் வரை போனார்கள்.

எங்க ஊர்ப் பசங்க ஆட்டத்துக்கு இப்போ நான் நோட்டில் கோடு போட்டு வைத்திருப்பது இப்படி: ரைடு எண், எதிரே எத்தனை பேர், டூ ஆர் டையா, தொட்டதா போனஸா, திரும்பினானா. 'எதிரே எத்தனை பேர்' என்கிற கட்டத்தை நிரப்புவதுதான் பாடு. 30 செகண்டில் முடிகிற ரைடில் தலையை எண்ணுவதா, ஆட்டத்தைப் பார்ப்பதா? பக்கத்தில் ஒரு சின்னப் பையனை உட்காரவைத்து, எண்ணிக்கையை மட்டும் சத்தமாகச் சொல்லச் சொல்லியிருக்கேன்.