பெலிப்பே கரில்லோ புவேர்த்தோ

பெலிப்பே கரில்லோ புவேர்த்தோ (8 நவம்பர் 1874 – 3 சனவரி 1924) மெக்சிக்கோவின் யுகடான் மாநில ஆளுநராக இருந்த சோசலிச அரசியல்வாதி ஆவார். மெக்சிக்கோவில் ஆளுநர் நியமிக்கப்படுபவர் அல்லர், மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்.

இவர் மொதுல் என்ற ஊரில் பிறந்தார். அக்காலத்தில் யுகடானின் செல்வம் எனெக்கென் என்னும் கற்றாழை வகையின் நாரிலிருந்து வந்தது. அதன் பெருந்தோட்டங்களில் மாயா மக்கள் கடன்பட்டுக் கொத்தடிமைகளாக உழைத்தனர். எனவே 1922 பெப்ரவரியில் பதவியேற்றபோது இவர் மாயா மொழியில் உரையாற்றியது வெறும் சடங்கு அன்று. தொடர்ந்து சிற்றூர்களுக்கு நிலம் பகிர்ந்தளித்தார். பள்ளிகளையும் மெரிடா நகரில் ஒரு பல்கலைக்கழகத்தையும் நிறுவினார். இவருடைய சகோதரி எல்வியா 1923 இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். மெக்சிக்கோ முழுவதும் பெண்கள் வாக்குரிமை பெற்றதோ 1953 இல்தான்.

1923 டிசம்பரில் நடுவண் அரசுக்கு எதிராக தெ லா உவெர்த்தா தலைமையில் எழுந்த கிளர்ச்சியில் யுகடானில் இருந்த படையினரும் சேர்ந்துகொண்டனர். தப்பிச் செல்ல முயன்ற ஆளுநர் பிடிபட்டார். இராணுவ விசாரணைக்குப் பின், மெரிடா கல்லறைத் தோட்டத்தில் தம் சகோதரர்கள் மூவருடனும் தோழர்கள் சிலருடனும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அமெரிக்க இதழாளர் அல்மா ரீடை இவர் மணக்கவிருந்த வேளை அது. அவருக்காக இவர் எழுதச் செய்த 'பெரெகிரினா' என்ற பாடல் யுகடானில் இன்றும் பாடப்படுகிறது.