போனது 12 பேர், லிஸ்ட்டில் 6 பேர்: ஜெர்மனியில் நடந்தது என்ன? வேலூர் கல்லூரி வாலிபால் டீமுக்கு இது ஏன் முக்கியம்?

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. சரக்கு தரமாக இருக்கும், கன்டெய்னரும் துறைமுகம் போய்ச் சேர்ந்திருக்கும். பேக்கிங் லிஸ்ட்டில் ஒரு வரி விட்டுப்போனால் போதும், எல்லாம் அப்படியே நிற்கும். இங்கிருந்து ஷூ போகிற அதே ஜெர்மனியில், 2025 ஜூலையில், இந்தியா விட்டுவிட்டது ஆறு விளையாட்டு வீரர்களின் பெயர்களை.

ரைன்-ரூர் பகுதியில் ஜூலை 16 முதல் 27 வரை உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. இந்திய பேட்மின்டன் அணிக்குத் தேர்வானவர்கள் 12 பேர். 12 பேரும் ஜெர்மனி போய்ச் சேர்ந்தார்கள். கலப்பு அணிப் போட்டிக்கு முன்னால் நடந்த மேலாளர்கள் கூட்டத்தில், இந்திய அதிகாரிகள் கொடுத்த பட்டியலில் இருந்தது ஆறு பெயர்கள் மட்டும்தான். மீதி ஆறு பேர் அந்தப் போட்டியில் ராக்கெட்டைத் தொடவே முடியவில்லை.

களமிறங்கிய ஆறு பேரில் தமிழ்நாட்டின் சதீஷ்குமார் கருணாகரனும் வர்ஷினி விஸ்வநாத் ஸ்ரீயும் உண்டு. மாற்று ஆள் இல்லை, ஓய்வு கொடுக்கவும் வழியில்லை. அந்த நிலைமையிலும் இந்த அணி அரையிறுதி வரை போய் வெண்கலம் வாங்கியது. பதக்கம் வந்ததும் ஊரே கைதட்டியது. அடுத்த சில மணி நேரத்தில், உட்கார வைக்கப்பட்ட வீரர்களில் ஒருவர் இன்ஸ்டாகிராமில் நடந்ததைப் போட்டு உடைத்தார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. இந்த அணிகளை அனுப்பும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அதன் இணைச் செயலாளர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்.

சரி, ஒரு போட்டி போனால் என்ன, அடுத்தது இருக்கிறதே என்று கேட்கலாம். இல்லை என்பதுதான் பிரச்சினை. இந்தப் போட்டி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. வயது உச்சவரம்பு 25. படித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லது சமீபத்தில் படிப்பை முடித்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையில் கிடைப்பதே ஒரு சான்ஸ்தான். கூடவே வேலை விஷயமும் இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3% இடஒதுக்கீடு உண்டு. ரயில்வே போன்ற மத்திய அரசுத் துறைகளிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு. அங்கெல்லாம் நாட்டுக்காக ஆடிய சான்றிதழுக்குத் தனி மதிப்பு. ஷிஃப்ட் வேலைக்குப் போகும் ஒரு வீட்டில் அந்தப் பேப்பரின் அர்த்தமே வேறு.

வேலூரிலிருந்து அங்கே எப்படிப் போவது?

வாலிபாலையே எடுத்துக்கொள்வோம். 1959-ல் இத்தாலியின் டுரின் நகரில் முதல் போட்டி நடந்தபோதே இந்தப் பட்டியலில் இருந்த விளையாட்டு அது.

ஆம்பூர் மஜ்ஹருல் உலூம், வாணியம்பாடி இஸ்லாமியா, வேலூர் ஊரிசு மாதிரி கல்லூரிகளில் படிக்கும் ஒருவருக்கு முதல் படி, கல்லூரிகளுக்கு இடையேயான போட்டி. அங்கே கண்ணில் பட்டால் திருவள்ளுவர் பல்கலைக்கழக அணி. விஐடி மாணவர் என்றால் அதுவே தனிப் பல்கலைக்கழகம், நேராக அந்த அணி. அடுத்தது தென்மண்டலப் போட்டி. அதில் முன்னணியில் வரும் அணிகள் அகில இந்திய அளவுக்குப் போகும். அங்கிருந்து தேர்வாகிறவர்களுக்குத்தான் இந்தியா ஜெர்சி. கல்லூரி மைதானத்தில் ஆரம்பித்து இவ்வளவு தூரம் வந்தவரின் பெயர், கடைசியில் ஒரு தாளில் இல்லாமல் போகலாம் என்பதுதான் ஜெர்மனி சொன்ன செய்தி.

அதே தவறு வாலிபாலில் நடந்திருந்தால்?

விளைவு இன்னும் மோசம். வாலிபால் விதிப்படி, ஸ்கோர் ஷீட்டில் பெயர் உள்ளவர் மட்டும்தான் களத்தில் இறங்க முடியும். பயிற்சியாளரும் கேப்டனும் கையெழுத்து போட்டுவிட்டால் அந்தப் பட்டியலை மாற்ற முடியாது. லிபரோ யார் என்பதையும் முன்கூட்டியே அதில் குறிக்க வேண்டும். 12 பேர் போய் 6 பெயர் மட்டும் இருந்தால், ஒரு செட்டுக்கு அனுமதிக்கப்படும் ஆறு சப்ஸ்டிடியூஷனில் ஒன்றைக்கூடப் பயன்படுத்த முடியாது. செட்டர் கை விரலில் அடிபட்டு ஒருவர் வெளியேறினால் மிஞ்சுவது ஐந்து பேர். ஆறு பேர் இல்லாத அணி 'முழுமையற்ற அணி'. ஆட்டம் எதிரணிக்கு. பேட்மின்டன் அணி ஆறு பேரை வைத்துச் சமாளித்தது. வாலிபாலில் அந்தச் சமாளிப்புக்கு இடமே கிடையாது.

எல்லாத் தடையும் அதிகாரிகளின் கவனக்குறைவால் வருவதில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். 2023-ல் சீனாவின் செங்டுவில் இதே போட்டி நடந்தபோது, அருணாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த மூன்று வுஷூ வீராங்கனைகளுக்கு சீனா ஸ்டேபிள் விசா கொடுத்தது. அதாவது பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லாமல், தனித்தாளைப் பின் அடித்துக் கொடுப்பது. இந்தியா அதை ஏற்கவில்லை, வுஷூ அணி மொத்தமும் டெல்லியிலேயே நின்றுவிட்டது. அந்தத் தொடரில்தான் இந்தியா 11 தங்கம் உட்பட 26 பதக்கம் வென்று தன் சிறந்த சாதனையைப் படைத்தது. ஜெர்மனியில் 12 பதக்கம். அதில் டிரிபிள் ஜம்ப் வெள்ளி தமிழ்நாட்டின் பிரவீன் சித்ரவேலுடையது.

ஆனால் செங்டுவில் தடையாக இருந்தது இரண்டு நாடுகளுக்கு நடுவே உள்ள எல்லைப் பிரச்சினை. ஜெர்மனியில் நடந்ததைத் தடுக்க, கூட்டத்தில் பட்டியலை ஒருமுறை சத்தமாக வாசித்திருந்தாலே போதும்.

வீரர்கள் என்ன செய்யலாம்?

பெயர் கொடுப்பது பல கட்டங்களில் நடக்கிறது. முதலில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை, பிறகு பெயர்ப் பட்டியல், போட்டி தொடங்கும் முன் மேலாளர்கள் கூட்டத்தில் கடைசி உறுதி. கழுத்தில் அடையாள அட்டை தொங்குவதால் மட்டும் ஆடலாம் என்று அர்த்தமில்லை, அது கிராமத்துக்குள் நுழைய. கடைசிக் கூட்டம் முடிந்த அன்று இரவே, "சார், என் பேரு இருக்கா, காட்டுங்க" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. 20 வயது மாணவர் அதிகாரியிடம் இப்படிக் கேட்பது நம் ஊரில் எளிதில்லைதான். அதனால் கேப்டன் அணி சார்பாகக் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவரும். பாஸ்போர்ட்டையும், படிக்கிறோம் என்பதற்கான சான்றையும் தேர்வுக்கு முன்பே தயார் செய்துகொள்வது நல்லது.

அடுத்த போட்டி தென்கொரியாவின் சுங்சியோங் பகுதியில், 2027 ஆகஸ்ட் 1-ல் தொடங்குகிறது. அதற்கடுத்தது 2029-ல் அமெரிக்காவின் நார்த் கரோலினாவில்.