ஆழத்தைத் தாங்கும் அக்ரிலிக் குவிமாடம்

சொந்த முயற்சியில் சிறு நீர்மூழ்கியை நிர்மாணிப்பவர் அக்ரிலிக் குவிமாடத்தைச் சாளரமாகத் தேர்வதற்குப் பிரதான காரணம், ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு பெருகும் ஜலத்தின் அழுத்தத்தை, வெளிநோக்கி வளைந்த அதன் உருவம் சர்வாங்கத்திலும் பகிர்ந்து, அப்பொருள் நன்கு தாங்கவல்ல அமுக்கவிசையாக மாற்றிக்கொள்வதேயாகும். கனத்தைக் கணக்கிடுவதைவிட மிகுந்த சிரத்தை வேண்டுவது விளிம்பில்தான். அவ்விளிம்பு பொருந்தியமரும் உலோக ஆசனம் சற்றே கோணினாலும் அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து விரிசல் காணும். குவிமாடத்தை உருவாக்கியபின் உலையில் சூடேற்றி, மிக மெல்லக் குளிர்வித்து உள்விறைப்பை நீக்காவிடில், ஆல்கஹால் கொண்டு துடைப்பதே நுண்விரிசல்களுக்கு ஹேதுவாகிவிடும். இத்தனை ஜாக்கிரதையும் வீண்போகாது என்பதற்கு, 1970-ல் அமெரிக்கக் கடற்படை, 66 அங்குல விட்டமும் இரண்டரை அங்குலக் கனமும் கொண்ட முழு அக்ரிலிக் கோளத்தில் இருவரை அமர்த்தி இயக்கிய ‘நீமோ’ கலமே அற்புதமான சாட்சி.