செய்திமடல் யாருக்கு எழுதப்படுகிறது?

நலன்புரி நிலையத்தில் இருந்த காலத்திலும், மீள்குடியேறிய பின்னரும், இன்னும் உறவினர் வளவில் தங்கியிருக்கும் நிலையிலும் எத்தனையோ நிறுவனங்களின் செய்திமடல்கள் உங்கள் கைக்கு வந்திருக்கும். பளபளப்பான தாளில் வருவன சில. ஒரே தாளை மடித்துத் தருவன சில. பெரும்பாலும் அவை சீனி சுற்றப் பயன்பட்டுவிடுகின்றன. சுற்றுவதற்கு முன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். உங்கள் பெயரைச் சொல்லி வந்த பணத்தைப் பற்றி அதில் எழுதியிருக்கக்கூடும்.

பத்திரிகை, காசு கொடுத்து வாங்கும் எவருக்கும் உரியது. செய்திமடலோ ஒரு குறிப்பிட்ட வட்டத்தினருக்கென எழுதப்படுவது: சங்கத்து அங்கத்தவர், பங்கு மக்கள், பழைய மாணவர், நிதி உதவியோர். 16ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் வாழ்ந்த பூக்கர் என்னும் வணிகக் குடும்பத்தினருக்குப் பல நகரங்களிலிருந்தும் கையெழுத்து மடல்கள் வந்துகொண்டிருந்தன. எங்கே போர், எந்தத் துறைமுகத்தில் கப்பல், மிளகு வியாபாரம் எப்படி என்பன அவற்றில் இருந்தன. 1568 முதல் 1605 வரையான அம்மடல்கள் வியன்னாவில் இன்றும் பேணப்படுகின்றன. வணிகருக்குத் தம் முதலைக் காக்க இத்தகைய செய்தி வேண்டியிருந்தது. ஆகவே வாசிப்பவருக்குத் தேவையானதே எழுதப்பட்டது.

இன்று பல அபிவிருத்தி நிறுவனங்களின் மடல்களில் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. பணம் தருபவர் தூர தேசத்தில் இருக்கிறார். மடல் அவருக்காகவே எழுதப்படுகிறது. நீங்கள் அதில் வாசகர் அல்லர், செய்தி. கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்வது கடமைதான், அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதையே தமிழில் பெயர்த்து ஊருக்கும் தரும்போது, ஊருக்கு வேண்டியது அதில் இருப்பதில்லை. '50 குடும்பங்களுக்கு நீர்ப்பம்பிகள் வழங்கப்பட்டன' என்று ஒரு வரியும், நாடா வெட்டும் படமும் இருக்கும். (நாடா வெட்டாத மடலை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.) கமக்காரர் அறிய விரும்புவது வேறு. பம்பி ஒன்றின் விலை என்ன? இனாமா, சுழல்நிதிக் கடனா? கடனாயின் எத்தனை போகத்தில் கட்டி முடிக்க வேண்டும்? அந்த 50 பேரை யார், எந்த விதிப்படி தெரிவு செய்தார்கள்? 51ஆவது குடும்பம் எப்போது பெறும்?

தெரிவு பற்றிய கேள்விதான் முக்கியமானது. சொந்தக் காணி இல்லாதவர், குத்தகைக்குச் செய்பவர், பெண் தலைமைத்துவக் குடும்பத்தினர் ஆகியோரே பட்டியலில் எளிதாக விடுபடுவோர். தெரிவு விதி அச்சில் வந்துவிட்டால், விடுபட்டவர் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். வாய்மொழியாக இருக்கும் வரைக்கும், 'அப்படியொரு முடிவே எடுக்கவில்லை' என்று சொல்லித் தப்பிவிட இடமுண்டு. விதியை அச்சிட வேண்டும். ஆட்களின் அடையாள அட்டை இலக்கத்தையோ, நிவாரண வரிசையில் நின்ற தாயின் முகத்தையோ அவர்கள் சம்மதமின்றி அச்சிடக் கூடாது. படம் பிடிக்க வருபவரிடம் 'வேண்டாம்' என்று சொல்வதால் எவருடைய உதவியும் நிறுத்தப்படலாகாது.

மடலில் இல்லாததைக் கேட்பது சண்டித்தனம் அல்ல. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச அலுவலகங்களோடு நின்றுவிடவில்லை. அரசினதோ, வெளிநாட்டு அரசினதோ, சர்வதேச நிறுவனத்தினதோ நிதியில் பெருமளவு தங்கியிருந்து பொதுமக்களுக்குச் சேவை செய்யும் அரசசார்பற்ற நிறுவனங்களும், அச்சேவை பற்றிய தகவலைப் பொறுத்தவரை, அதற்குள் அடங்கும்.

பலர் நினையாத இன்னொரு பயனும் உண்டு. இடம்பெயர்ந்தபோது காணி உறுதியையும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் மடியில் கட்டிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. சங்கத்தின் கூட்டறிக்கைக் கொப்பியை எடுத்தவர் அரிது. அது அலுமாரியோடு போயிற்று. யார் எவ்வளவு சேமித்தார் என்பதும் அதனோடு போயிற்று. ஓரிடத்தில் குவிந்திருப்பது ஒரு நெருப்போடு முடியும் என்பதை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது கண்டோம். 200 வீடுகளுக்குப் பிரிந்து போன மடலில் நாலைந்து பிரதிகளாவது எங்காவது தப்பியிருக்கும். 1990களில் தாள் தட்டுப்பாட்டால் கோடிட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்டது யாழ்ப்பாணம். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு தாளைப் பேணுவது சிறு வேலையன்று.

இப்போது அறிவித்தல்கள் வட்ஸ்அப்பில் வருகின்றன. விரைவுதான். ஆனால் பலவற்றில் அனுப்பியவர் யார் என்பதே இல்லை. தொலைபேசி தண்ணீரில் விழுந்தால் அறிவித்தலும் போய்விடும்.

உங்கள் சங்கமே ஒரு மடல் போடலாம். இரண்டு பக்கம் போதும். மேலே திகதி, இதழ் இலக்கம், பொறுப்பாளர் பெயர். உள்ளே கடந்த கூட்டத்தின் முடிவுகள், கையிருப்பு, மொத்தக் கடன் நிலுவை, விதைநெல் வரும் நாள். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளையொருவர் கூட்டத்தில் உரக்க வாசிக்கட்டும். ஒவ்வோர் இதழிலும் ஒரு பிரதியை வேறு மாவட்டத்தில் இருக்கும் அங்கத்தவரின் உறவினர் வீட்டுக்குத் தபாலில் அனுப்பி, பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.